பழைய புல் அறுக்கும் மிஷினுக்கு பிளேடு மாற்றக் கொடுக்கிறவர்கள் கவனிக்க: 18,500 ரூபாய் போச்சு

வயிறு எரிந்துதான் எழுதுகிறேன். பழைய விவசாய மிஷின்களை வாங்கி விற்று, கூடவே ரிப்பேரும் பார்த்துத் தருகிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் 18,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு, இன்றைக்கும் மாட்டுத் தீவனமான குதிரைமசாலை ஆள் விட்டு அரிவாளால்தான் அறுத்துக்கொண்டிருக்கிறோம். கடையின் பெயரைப் போடவில்லை. என்னென்ன பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது பின்னால் நடந்துகொண்டே ஓட்டுகிற சின்ன மிஷின், முன்னால் 4 அடி கட்டர் பார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை, பார்தான் தேய்ந்திருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஒரு நீளமான இரும்புப் பட்டையில் 3 அங்குல முக்கோண பிளேடுகளை வரிசையாக ரிவிட் அடித்திருப்பார்கள், அந்தப் பட்டை விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் காப்புகளுக்குள் இடமும் வலமும் ஓடும். ஒவ்வொரு விரலுக்குள்ளும் ஒரு சின்ன எஃகுத் தகடு உண்டு. மேலே ஓடும் பிளேடும் கீழே இருக்கிற தகடும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றோடொன்று உரசினால்தான் தண்டு வெட்டுப்படும். இடைவெளி விழுந்தால் வெட்டாது, மென்று தள்ளும்.

ஒர்க்‌ஷாப்காரர் பட்டையை உருவி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். "பட்டை லேசா வளைஞ்சிருக்குதுங் அம்மணி, நேர் பண்ணி, 16 பிளேடும் புதுசு போட்டு, விரல்ல இருக்கற தகடும் மாத்திடலாமுங்" என்றார். உள்ளே போய் ஒரு பிளேடை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். ஓரத்தில் பொடிப் பொடியாகப் பல் வெட்டிய அசல் பிளேடு, நகத்தை வைத்து இழுத்தால் நரநரவென்றது. "நானும் மாடு வெச்சிருக்கறவன்தானுங், தீவனத்தோட அருமை எனக்குத் தெரியாதுங்களா?" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான். 12,000 அட்வான்ஸ் கொடுத்தேன், பட்டையை வாங்கும்போது மீதி 6,500. ஆக 18,500 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

பட்டை பளபளவென்று கருப்பு பெயிண்ட் அடித்து வந்தது, பெயிண்ட் முழுதாகக் காயக்கூட இல்லை, கையில் ஒட்டியது. காட்டில் இறக்கினால் முதல் வரிசை சுமாராக அறுத்தது, அப்புறம் தண்டெல்லாம் பிளேடுக்கும் விரலுக்கும் நடுவில் சிக்கிச் சுருண்டு, பெல்ட் தீய்ந்த வாடை வந்து நின்றுவிட்டது. உருவிப் பார்த்தால் பிளேடு முனைகள் மடங்கிக் கிடக்கின்றன. பெயிண்டைச் சுரண்டினேன். ஒரு ரிவிட் கிடையாது! 16 பிளேடையும் வெல்டிங் வைத்திருக்கிறார்கள். பிளேடும் கையில் கொடுத்துக் காட்டியது இல்லை, சாதாரணத் தகட்டை முக்கோணமாக வெட்டி ஓரத்தைக் கிரைண்டரில் தேய்த்திருக்கிறார்கள். எங்கள் ஊர் ஆசாரி அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார், தூள் தூளாக உதிர்ந்தது. நல்ல பிளேடின் ஓரத்தில் அரம் பிடிக்காமல் வழுக்கும். ஓரத்தை மட்டும் கடினப்படுத்தி, ரிவிட் போகிற நடுப்பகுதியை மெதுவாக விட்டிருப்பார்கள், அதனால்தான் பட்டையில் அடித்து இறுக்க முடிகிறது. அசல் பிளேடாகவே இருந்தாலும் வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். ரிவிட்டாக இருந்தால் ஒரு பிளேடு உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம், இப்போது முழுப் பட்டையும் வீண். விரலுக்குள் இருக்கிற தகடுகளைத் தொடவே இல்லை, ஓரம் மழுங்கி பழையபடியே இருக்கின்றன. அதற்கும் சேர்த்துத்தான் 18,500 வாங்கியிருக்கிறார்.

குதிரைமசால் 25, 30 நாளுக்கு ஒருமுறை அறுப்புக்கு வரும் பயிர். மென்று பிய்த்துவிட்ட இடத்தில் துளிர் பிந்துகிறது, மாட்டுக்கு யார் பதில் சொல்வது?

போன் பண்ணினால் முதலில் "பையனை அனுப்பறேனுங்" என்றார். பையன் வரவில்லை. பிறகு "உங்க காட்டுல கல்லு கெடக்குதுங், பிளேடு என்ன பண்ணும்?" என்றார். குதிரைமசால் பாத்தியில் கல் எங்கிருந்து வரும்? நேரில் போனால் ஓனர் வெளியில் போயிருக்கிறார் என்று வேலைக்காரர் சொல்கிறார், உள்ளே அவர் குரல் கேட்கிறது. வெல்டிங் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. என் பழைய பிளேடுகளையாவது கொடுங்கள் என்றால் "அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சுங்" என்கிறார். தேய்ந்திருந்தாலும் அவை நல்ல எஃகு, அதையும் விற்றுத் தின்றாயிற்று. அண்ணா, அண்ணா என்று கூப்பிட்ட வாய்க்கு நல்ல மரியாதை.

கறவை நேரமாகிவிட்டது, விவரமாக எழுத முடியவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், வெறும் பட்டையாகக் காட்டச் சொல்லுங்கள். ரிவிட் தலை கண்ணில் பட வேண்டும். பட்டை கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. ஓட்டத்தின் இரண்டு கோடியிலும் பிளேடின் நடு, விரலின் நடுவுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். பார்க்கும்போது இன்ஜினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கழற்றிய பழைய சாமானைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். என்னென்ன மாற்றினார்கள் என்று எழுதிய பில் இல்லாமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், 18,500 ரூபாயை விடுவதாக இல்லை. வெல்டிங் வைத்த பட்டையை அறுத்தெடுத்து மறுபடி ரிவிட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் யாராவது இருந்தால், எந்த ஊரில் செய்தீர்கள், பட்டை தாங்கியதா என்று சொல்லுங்கள்.