‘ரேஸ் செட்டப் முடிந்தது’ என்று விற்கப்படும் 1/5 ஆர்.சி. கார்: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஜெர்மனியில் செகண்ட் ஹேண்ட் 1/5 அளவு பெட்ரோல் ஆர்.சி. (ரேடியோவால் இயக்கும்) கார் தேடுபவர்கள், ‘செட்டப் முடிந்தது, நேராக டிராக்கில் இறக்கலாம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் கொஞ்சம் உஷாராக இருக்கவும். அப்படிச் சொல்லி எஃப்.ஜி. நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ்லைன் டூ வீல் டிரைவ் வண்டி ஒன்றை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். வண்டி விலை போக, செட்டப் கூலி என்று தனியாக 250 யூரோ. அதற்குச் சாட்சியாக ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பிய செட்டப் ஷீட் (வண்டியில் வைத்த அளவுகளை எழுதும் படிவம்) ஒன்றையும் பெட்டியில் வைத்திருந்தார்கள். வண்டியை மேசையில் ஏற்றி அளந்தால், ஷீட்டில் இருந்த எண்களில் பாதிகூடப் பொருந்தவில்லை. எவரோ ஒருவருடைய வண்டிக்கு எழுதிய ஷீட்டைப் பிரதி எடுத்துக் கூடவே வைத்திருக்கிறார்கள் என்பதே எங்கள் முடிவு. குறை எஃப்.ஜி. தயாரிப்பில் இல்லை, விற்றவரிடம்தான்.

முதலில் கார்னர் வெயிட், அதாவது ஒவ்வொரு சக்கரத்திலும் தனித்தனியே இறங்கும் எடை. ஷீட்டில் குறுக்கு எடை ‘50/50’ என்று இருந்தது. மட்டம் பார்த்த பலகையில் நான்கு தராசுகளை வைத்து, டேங்கைப் பாதி நிரப்பி ஏற்றியபோது வந்தவை: முன் இடது 2180 கிராம், முன் வலது 2530, பின் இடது 3060, பின் வலது 2690. இடப்பக்கக் கூட்டுத்தொகை 5240, வலப்பக்கம் 5220. இதை மட்டும் பார்த்தால் வண்டி பிரமாதம். ஆனால் குறுக்கே கூட்டுங்கள்: முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 5590, மற்ற மூலைவிட்டம் 4870. 720 கிராம் வித்தியாசம். பத்தரைக் கிலோ வண்டியில் இது பெரிய கோளாறு. இடது வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளும், வலது வளைவில் பின்பக்கம் உதறிச் சுழலும். ஓட்டுபவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

இடம் வலம் சமமாக இருந்து குறுக்கே மட்டும் கோணினால், பேட்டரியையோ ரிசீவர் பெட்டியையோ இடம் மாற்றிப் பயனில்லை. வண்டிக்குள் எங்கோ முறுக்கம் இருக்கிறது என்று பொருள். பின் ஆன்டி ரோல் பாரின் (இடது வலது சக்கரங்களைப் பிணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்கைக் கழற்றியதுமே வித்தியாசம் பாதிக்கு மேல் இறங்கியது. இரண்டு லிங்குகளும் ஒரே நீளத்தில் இல்லாததால், வண்டி சும்மா நிற்கும்போதே பார் ஒரு சக்கரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. மீதிக்குக் காரணம் பின் இடது ஷாக்கின் ஸ்பிரிங் காலர், அதாவது ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் திருகு வளையம்: வலதைவிட 3 மி.மீ. கீழே இறக்கி முடுக்கப்பட்டிருந்தது. அது ஏன் என்று பிடித்துக்கொண்டு போனால்தான் அடுத்த விஷயம் தெரிகிறது. அந்த ஷாக்கில் அடி ஓ-ரிங் தேய்ந்து எண்ணெய் பாதி ஒழுகிவிட்டிருந்தது. அந்தப் பக்கம் தொய்ந்து தெரிந்திருக்கும், ஷாக்கைத் திறந்து சீல் மாற்றுவதற்குப் பதில் காலரை முடுக்கி உயரத்தைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். தரையிலிருந்து வண்டியின் உயரத்தை அளக்கும் ரைடு ஹைட் கேஜை வைத்தால் இரண்டு பக்கமும் அழகாக 10 மி.மீ. காட்டும். படம் எடுத்து விளம்பரத்தில் போட அது போதும்.

நேரில் வாங்கப் போகிறவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்கத் தராசுகூட வேண்டாம். ஷாக்குகளைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, இடதையும் வலதையும் ஒன்றன் மேல் ஒன்றாக முட்டுக்கொடுத்து ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இரண்டும் சம வேகத்தில் உள்ளே போக வேண்டும். ஒன்று முந்தினாலோ உள்ளே ‘சொளக்’கென்று காற்றுச் சத்தம் கேட்டாலோ அந்த வண்டியில் எவரும் செட்டப் செய்யவில்லை.

கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) இரண்டும் ஓரளவு ஷீட்டை ஒட்டியே இருந்தன. கண்ணுக்குத் தெரிவதைச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள் போல. இந்த வகை வண்டிக்குத் தொடக்கமாக முன் கேம்பர் மைனஸ் 2 டிகிரி, பின்னால் மைனஸ் 2 முதல் 3, பின் டோ-இன் 2 முதல் 3 டிகிரி என்று வைத்துக்கொண்டால் தவறு வராது. டயர் தேய்மானத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

இன்ஜின்தான் பெரிய ஏமாற்று. விளம்பரத்தில் செனோவா ஜி230, 23 சி.சி. என்று இருந்தது. ஸ்டார்ட்டர் மூடியிலும் அந்த ஸ்டிக்கர்தான். சிலிண்டரைத் தூக்கி வெர்னியர் வைத்தபோது போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 34 மி.மீ.! ஜி230-க்கு 32 மி.மீ. போர், 28 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), கொள்ளளவு 22.5 சி.சி. 34 என்றால் 25.4 சி.சி. ஆகிவிடும். ஐரோப்பிய ஆர்.சி. கார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ராவின் விதிப்படி 1/5 பிரிவில் உச்சவரம்பு 23 சி.சி. ஆகவே போட்டிக்குப் போயிருந்தால் சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். இதில் ஒரு நுணுக்கம்: ஜி230-க்கும் இந்த 25.4 சி.சி. இன்ஜினுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றே. பிளக் துளை வழியாகக் கம்பி விட்டு பிஸ்டன் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து காட்டி ‘பாருங்கள், சரியாக 28’ என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த அளவு எதையும் நிரூபிக்காது. செனோவாவில் ஹெட்டும் சிலிண்டரும் ஒரே வார்ப்பு என்பதால், அடிப் போல்ட்டுகளைக் கழற்றிச் சிலிண்டரையே தூக்கினால்தான் போரை அளக்க முடியும். திரும்ப மாட்டப் புது கேஸ்கட் வேண்டும். அந்தச் சில யூரோவை நீங்களே தருவதாகச் சொல்லுங்கள். அப்போதும் திறக்க மாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடலாம்.

சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் துளை வழியே டார்ச் அடித்தால் பிஸ்டன் தெரியும். அந்தப் பக்கம் செங்குத்துக் கீறல்கள் இருந்தால் இன்ஜின் பெட்ரோல் பற்றாமல் சூடேறி ஓடியிருக்கிறது. இன்டேக் பக்கம் கீறல் என்றால் ஏர் ஃபில்டர் வழியே தூசி போயிருக்கிறது. இந்த வண்டியில் எக்ஸாஸ்ட் பக்கம் கீறியிருந்தது. காரணம் கார்புரேட்டரிலேயே இருந்தது: வால்ப்ரோ கார்புரேட்டரில், முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் எச் நீடில் திருகு ஒரு சுற்றுக்கும் குறைவாகவே திறந்திருந்தது. முழுக்க மூடிவிட்டு ஒன்றேகால் முதல் ஒன்றரைச் சுற்று திறப்பதுதான் பொதுவான தொடக்கம். அதற்கும் கீழே முடுக்கினால் இன்ஜின் சில நிமிடம் கூச்சலிட்டுப் பறக்கும், வீடியோவில் பார்க்க வெறியாக இருக்கும், அப்புறம் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்குக் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இன்சுலேட்டர் கட்டையில் மயிரிழை விரிசல். ஐடிலில் ஓடும்போது அந்த இடத்தில் கார்ப் கிளீனரை லேசாக அடித்துப் பாருங்கள். இன்ஜின் வேகம் சட்டென்று மாறினால் காற்று கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் நீடிலைத் திருப்பிக்கொண்டே இருப்பது வீண் வேலை. எரிபொருளைப் பொறுத்தவரை லிட்டருக்கு 40 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில், அதாவது 25:1, வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் போனது ஒரு பக்கம். உண்மையில் கோபம் வந்தது ஃபெயில்சேஃபில்தான், அதாவது சிக்னல் போனால் வண்டியைத் தானே நிறுத்தும் ஏற்பாட்டில். பத்துக் கிலோ எடை, மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக்கூடிய வேகம், டிராக் ஓரத்தில் ஆட்கள். இப்படிப்பட்ட வண்டியில் சிக்னல் அறுந்தால் ரிசீவர் கடைசி நிலையிலேயே நிற்கும்படி விட்டிருந்தார்கள். த்ராட்டில் திறந்திருந்தால் திறந்தபடியே போய் எதிலாவது மோத வேண்டியதுதான். ஷீட்டில் ‘ஃபெயில்சேஃப்: சரி’ என்று டிக் வேறு. சோதிக்க இன்ஜினை ஸ்டார்ட் செய்யக்கூடத் தேவையில்லை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ரிசீவரை ஆன் செய்து, த்ராட்டிலைப் பாதி திறந்து பிடித்தபடி டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். சர்வோ கை உடனே த்ராட்டிலை மூடி பிரேக்குக்குப் போக வேண்டும். ரிசீவர் பேட்டரியே செத்துப்போனால் இந்த ஏற்பாடும் வேலை செய்யாது. அதற்காகத்தான் கார்புரேட்டரில் வலுவான ரிட்டர்ன் ஸ்பிரிங்கும், இக்னிஷனைத் தனியாக வெட்டும் கில் சுவிட்சும் வேண்டும் என்கிறோம். இந்த வண்டியில் கில் சுவிட்ச் இருந்தது. அதன் ஒயரை எதிலும் இணைக்கவில்லை.

கிளட்ச், கியர் பகுதியில் சொல்லும்படி பெரிதாக இல்லை. பல்லிடைவெளி மட்டும் அதிகமாக இருந்தது. சாதாரணத் தாள் துண்டு ஒன்றைப் பற்களுக்கு நடுவே கொடுத்து இன்ஜினை நெருக்கிப் போல்ட்டை முடுக்கினால் அளவு வந்துவிடும். உலோகத்தில் ஏறும் போல்ட்டுகளுக்கு அவை தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் 243 பசை ஒரு சொட்டு. பிளாஸ்டிக் பாகங்களில் அதைப் படவிடாதீர்கள், சில வகைப் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும்.

இத்தனையையும் படங்களோடு அனுப்பியதற்கு விற்றவர் சொன்ன பதில்: ‘பார்சலில் ஆடிக் குலுங்கியிருக்கும்.’ பார்சல் குலுங்கினால் போல்ட் தளரலாம், கேம்பர் அரை டிகிரி மாறலாம். சிலிண்டர் போர் 2 மி.மீ. பெருக்காது. இரண்டாவது கடிதத்தில், தான் தனிநபர், கேரண்டி கிடையாது, திருப்பி எடுக்க மாட்டேன் என்று கை கழுவிவிட்டார். ஜெர்மனியில் தனிநபர் விற்பனையில் குறைகளுக்கான பொறுப்பை விலக்கி எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் பொருளின் தன்மை இன்னது என்று விற்பவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட விஷயத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. ‘23 சி.சி.’ என்று விளம்பரத்திலோ கடிதத்திலோ எழுத்தில் இருந்தால் அதை வைத்துக் கேட்கலாம். விளம்பரப் பக்கத்தை வாங்கும் அன்றே படம் எடுத்து வையுங்கள், விற்றதும் நீக்கிவிடுவார்கள். தொழிலாகவே விற்கும் கடைக்காரர் என்றால் உங்களைப் போன்ற நுகர்வோரிடம் பொறுப்பை முழுதாகத் தட்டிக்கழிக்க முடியாது. பழைய பொருளுக்கு அதை ஓராண்டாகக் குறைத்துக்கொள்ள மட்டுமே சட்டம் இடம் தருகிறது.

பணத்தைப் பேபாலில் ‘நண்பர்களுக்கு அனுப்புதல்’ வழியாகப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதில் வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. கட்டணத்தை நீங்களே ஏற்றுக்கொண்டு பொருள் வாங்கும் முறையில் அனுப்புங்கள். செட்டப் கூலி என்று தனியாகக் கேட்டால், தராசில் வண்டி நிற்கும் படம், நான்கு எண்களும் தெரியும்படி, ஆன்டி ரோல் பார் மாட்டியபடி ஒன்று, கழற்றி ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். செட்டப் செய்தவரிடம் அது ஏற்கெனவே இருக்கும்.