நாய்ஸா, நடுக்கமா? காட்டு இருட்டில் பறவையைப் படமெடுக்க எது தேவலாம்

பறவைப் படக்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை வந்துவிடும். ஐஎஸ்ஓவை (கேமரா ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு) ஏற்றினால் நாய்ஸ், அதாவது புள்ளிபுள்ளியான குறை, வந்து படம் கெட்டுப்போகும், ஷட்டரை மெதுவாக வைத்துக் கூடுதல் ஒளி வாங்கிச் சமாளி என்பது ஒரு கட்சி. ஐஎஸ்ஓ எங்கே வேண்டுமானாலும் போகட்டும், வேகத்தை மட்டும் விடாதே, நாய்ஸை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சிதான், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை.

சிங்கப்பூர் வெளிச்சம் ஒரு மாதிரியானது. ஆண்டு முழுக்கக் காலை 7 மணியை ஒட்டித்தான் விடியும், ஒன்பதரைக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிடும், ஆனால் அதே நேரத்தில் புக்கிட் தீமா காட்டு மரங்களுக்குக் கீழே போய் நின்றால் இன்னும் பொழுது விடியாதது போல இருக்கும். அக்டோபர், நவம்பரில் வலசை வழியில் இங்கே இறங்குகிற நீலச்சிறகுப் பிட்டா (தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்பார்களே, அதன் ஒன்றுவிட்ட சொந்தம்) அந்த இருட்டில்தான் சருகைக் கிளறிக்கொண்டு தத்தும்.

600 மி.மீ. லென்ஸ், எஃப்/6.3 (லென்ஸ் திறப்பின் அளவு) என்று வைத்துக்கொள்வோம். 1/100 நொடிக்கு ஐஎஸ்ஓ 3200 போதும் என்றால், 1/400 நொடிக்கு 12800 வேண்டும். கேமராவிலும் லென்ஸிலும் இருக்கும் நடுக்கத் தடுப்பு உங்கள் கையை மட்டும்தான் நிறுத்தும், பறவையின் தலையை நிறுத்தாது. 1/100-இல் பத்துப் பன்னிரண்டு படம் தொடர்ச்சியாக அடித்தால் ஒன்றிரண்டு தேறும், அதிலும் கண் கூர்மையாக இருக்கும்போது தலை வேறு பக்கம் திரும்பியிருக்கும். 12800-இல் எல்லாமே புள்ளிபுள்ளியாக இருக்கும், ஆனால் இறகின் கோடு இருக்கும். புள்ளியை எடுக்க மென்பொருள் உண்டு. கலங்கிப்போன இறகைத் திருப்பித் தர எதுவும் இல்லை, தருவதாகச் சொல்கிற மென்பொருள் தானாக ஒரு இறகை வரைந்துவைக்கும், அவ்வளவுதான்.

மெதுவான ஷட்டர் ஜெயிக்கிற இடமும் உண்டு. பகலில் கிளையில் தூங்கிவழிகிற மீன் ஆந்தைக்கு எதற்கு 1/400? முக்காலியைப் போட்டு 1/30-க்கு இறங்கி ஐஎஸ்ஓ 1000-க்குள் எடுங்கள், படம் வழுவழுவென்று வரும். ஃபிளாஷ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: வேகமும் கிடைக்கும், நாய்ஸும் குறையும், ஆனால் பின்னணி கறுத்துப்போய்க் கண்ணில் வெள்ளைப் பொட்டு விழும், பக்கத்தில் காத்திருக்கிறவர் முறைப்பார். எனக்கு அது பிடிக்கவில்லை. புழுவை வைத்துப் பறவையை வெளிச்சத்துக்கு இழுக்கிற குறுக்குவழிப் பேச்சே வேண்டாம். வனவிலங்குச் சட்டப்படி 2020 ஜூன் முதல் காட்டு உயிர்களுக்கு அனுமதி இல்லாமல் தீனி போடுவது குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விழலாம்.

அடுத்த தகராறு, பிரகாசமாக எடுப்பதா, மங்கலாக எடுத்துப் பிறகு தூக்குவதா. இதற்கு ஒரே பதில் கிடையாது, பறவையின் நிறத்தைப் பாருங்கள். சுங்கை பூலோவில் கரும்பச்சைச் சதுப்புநிலக் காட்டுக்கு முன்னால் வெயிலில் நிற்கும் வெள்ளைக் கொக்கை கேமரா விருப்பத்துக்கு விட்டால், இருண்ட பின்னணியைப் பார்த்து ஏமாந்து கொக்கை வெளுத்த காகிதமாக்கிவிடும். அங்கே ஒரு ஸ்டாப் (ஒளியைப் பாதியாக்குவது), சில நேரம் ஒன்றரை ஸ்டாப் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். வெளுத்துப்போன இறகு ரா ஃபைலிலும் (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பு) திரும்பாது, இருண்ட இலையை ஓரளவு தூக்கிக்கொள்ளலாம்.

புலாவ் உபின் தீவில் வானத்தை முதுகில் வைத்து உட்காரும் கறுப்பு வெள்ளை இருவாச்சிக்கு நேர் எதிர். வானத்துக்கு அளந்து எடுத்து, வீட்டில் ஷேடோ ஸ்லைடரை (இருண்ட பகுதியைத் தூக்கும் பட்டை) தள்ளினால் கறுப்பு இறகில் ஊதாக் கறைபோல நாய்ஸ் கிளம்பும். ஒன்றேகால், ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், நம்முடைய மேகமூட்டத்தில் காப்பாற்ற என்ன இருக்கிறது? இரண்டு ஸ்டாப் வரை போனால் மட்டும் மெல்லிய கிளைகளை வானத்தின் வெள்ளை தின்ன ஆரம்பிக்கும், அதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாய்ஸ் எடுப்பதில் லைட்ரூமின் ஏஐ டீநாய்ஸும் (2023 ஏப்ரலில் வந்தது) டிஎக்ஸ்ஓவின் டீப்ப்ரைமும் எனக்கு ஏறக்குறைய சமம். லைட்ரூம் சந்தா ஏற்கெனவே இருந்தால் தனியாக இன்னொன்று வாங்கத் தேவையில்லை. டோபாஸ் மென்பொருள் ஜேபெக்கிலும் (சுருக்கிச் சேமித்த சாதாரணப் படக் கோப்பு) வேலை செய்யும், ஆனால் இல்லாத இறகைச் சேர்க்கும் ஆசை அதற்குக் கொஞ்சம் அதிகம். எதுவானாலும் முழு அளவுக்குத் தள்ளாமல் பாதியில் நிறுத்தி, 100 சதவீதத்தில் கண்ணைச் சுற்றிப் பாருங்கள், மெழுகு பூசியது போலத் தெரிந்தால் குறையுங்கள். டீநாய்ஸ் முதலில், ஷார்ப்பன் கடைசியில். மாற்றிச் செய்தால் புள்ளிகளைத்தான் கூர்மையாக்குவீர்கள். அப்புறம் காட்டுப் படத்தில் இலைப் பச்சை பறவையின் வயிற்றில் ஏறியிருக்கும், மாஸ்க்கில் பறவையை மட்டும் தேர்ந்தெடுத்து டிண்டை (பச்சைக்கும் மெஜென்டாவுக்கும் நடுவே நிறத்தை நகர்த்தும் பட்டை) மெஜென்டா பக்கம் துளி நகர்த்தினால் பிட்டாவின் மஞ்சள்பழுப்பு வயிறு சரியாக வந்துவிடும்.