பழைய மல்லிப் புதரைத் தோண்டி எடுப்பதா, பதியன் போடுவதா?

வீடு மாறும்போது பீரோவைவிடப் பெரிய தலைவலி வாசல் குண்டுமல்லிதான். முதல் தடவை, பத்து வயதுப் புதர் ஒன்றைச் சித்திரை வெயிலில் அவசரமாகத் தோண்டி எடுத்துப் போனேன். ஒரு வாரத்தில் இலையெல்லாம் கருகி, மாதத்துக்குள் பட்டுப்போனது. இந்தத் தடவை ஐந்து மாத அவகாசம் இருந்தது. பன்னிரண்டு வயதுப் புதரில் தோண்டி எடுப்பது, பதியன் (கிளையைச் செடியோடு மண்ணில் புதைத்து வேர்விட வைப்பது) என்று இரண்டு வழியையும் சேர்த்தே பார்த்தேன்.

தோண்டும் வழிக்கு முன்வேலை அதிகம். ஐப்பசி தொடக்கத்தில் தூரிலிருந்து ஓரடி தள்ளிப் பாதி வட்டத்துக்குப் பள்ளம் வெட்டி, வேரைக் கூரான மண்வெட்டியால் துண்டித்து, மக்கிய எரு கலந்த மண்ணால் மூடினேன். மூன்று வாரம் கழித்து மறு பாதி. வெட்டுப்பட்ட இடத்தில் புதுச் சல்லி வேர் விடும். புது இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்போவது அதுதான். நவம்பர் கடைசியில் எப்படியும் மல்லிக்குக் கவாத்து உண்டு. தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மொத்தத்தையும் வெட்டினேன். மனசு கேட்காதுதான். ஆனால் வேரில் பாதி போன செடி அத்தனை இலைக்கும் எப்படித் தண்ணீர் தரும்?

மார்கழியில் மண் ஈரமாக இருந்தபோது, வேரைச் சுற்றியிருந்த தாய்மண்ணோடு புதரைக் கிளப்பினோம். குச்சியிலிருந்து வளர்ந்த செடிக்கு ஆணிவேர் கிடையாது, அதுவரை லாபம். கனம்தான் அசரவைத்தது. 60 சென்டிமீட்டர் அகலம், 40 ஆழம் என்று நேராக வெட்டினால் 110 லிட்டருக்கு மேல் மண்; ஈரத்தோடு 180 கிலோ வரும். அடியைச் சரித்து வெட்டியும் மூன்று பேர் தேவைப்பட்டார்கள். ஈரச்சாக்கால் இறுக்கிச் சணலால் கட்டினோம். எங்களுடையது செம்மண், கட்டி உடையவில்லை. மணல் பூமியில் இது நடக்குமா என்பது சந்தேகமே.

பதியனுக்கு இந்தக் கூத்து எதுவும் இல்லை. ஆடியிலேயே பக்கத்து வீட்டு ஆச்சி, “தாழ்ந்த கிளையை மண்ணுக்குள்ள அமுக்கி வச்சிரும்மா, செடி தானா உன் பின்னால வரும்” என்றார். கணுவுக்குக் கீழே பட்டையை லேசாகச் சுரண்டி, மண்ணில் புதைத்து, மேலே ஒரு செங்கல்லை வைத்தேன். மண் காயாமல் பார்த்துக்கொண்டதுதான் வேலை. நான்கு கிளையில் மூன்று வேர்பிடித்தன. ஐப்பசிக் கடைசியில் தாயிடமிருந்து வெட்டி, இரண்டு வாரம் அங்கேயே விட்டு, பிறகு தொட்டிக்கு மாற்றினேன்.

நாற்று வாங்குவது மூன்றாவது வழி. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தோட்டங்களுக்கே ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்துதான் நாற்று போகிறது. தோட்டம் போடுகிறவருக்குச் சரி. நமக்கு வேண்டியது ‘அந்த’ச் செடி.

ஆனால் பதியனும் அந்தச் செடியேதான். விதையில் வந்த பிள்ளை இல்லை. அதே உடம்பின் ஒரு துண்டு. அப்படியானால் மூன்று ஆள் கூலியும் முதுகுவலியும் எதற்கு? பூவுக்கு. இடம் மாறிய புதர் பங்குனியிலேயே தினம் ஒரு கைப்பிடி பூத்தது. பதியன்களில் அந்தக் கோடையில் எண்ணிப் பத்துப் பதினைந்து பூ; நிறையப் பூக்க இன்னும் இரண்டு வருஷம் ஆகும். அந்த இரண்டு கோடைப் பூவுக்காக அத்தனை மண்ணைச் சுமப்பதா என்றால், இனி நான் பதியன் பக்கம்தான். மார்ச்சிலிருந்து மே வரைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டால், தோண்டும் யோசனையே வேண்டாம்.

வாடகை வீட்டில் இன்னொன்றும் உண்டு: குழி. வாசலில் அத்தனை பெரிய பள்ளத்தைப் பார்த்ததும் வீட்டுக்கார அம்மாவின் முகம் மாறிவிட்டது. குழியை மூடி, மூன்று பதியனில் ஒன்றை அங்கேயே நட்டுவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.