பிள்ளையை யார் ரிட்டர்னில் காட்டுவது?

அமெரிக்காவில் வரி சீசன் வந்தால், கல்லூரிப் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு இழுபறி தொடங்கும். ‘நானே ஃபைல் பண்ணிக்கிறேன்’ என்பாள் மகள். ‘நீ எங்கள் டிபென்டென்ட்’, அதாவது எங்கள் ரிட்டர்னில் எங்களைச் சார்ந்தவளாகக் காட்டப்படுபவள், என்பார் அப்பா. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சம்பளத்தில் பிடித்த வரியைத் திரும்ப வாங்க மகள் தன் பெயரில் ரிட்டர்ன் போடலாம். ‘என்னை வேறொருவர் டிபென்டென்டாகக் காட்ட முடியும்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தால் போதும்.

‘முடியும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆண்டுக் கடைசியில் 24 வயது நிரம்பவில்லை, 5 மாதமாவது முழுநேரப் படிப்பு, தன் செலவில் பாதிக்கு மேல் தானே போடவில்லை என்றால் பெற்றோர் காட்ட முடியும். ஹாஸ்டலில் கழிந்த மாதங்களும் வீட்டில் இருந்ததாகவே கணக்கு. ஸ்காலர்ஷிப் அவள் போட்ட பணமாகாது. அவள் பெயரில் எடுத்த கல்விக்கடன் ஆகும்.

சரி, எது லாபம்? டிபென்டென்ட் ஆனால் மகளுக்கு வரி கூடும் என்ற பயம், சம்பளம் மட்டும் வாங்குபவருக்குத் தேவையில்லை. 2025 கணக்கில் நிலையான கழிவு, அதாவது வரி போடாமல் வருமானத்தில் கழித்துவிடும் தொகை, 15,750 டாலர்; டிபென்டென்டுக்கு சம்பளத்தோடு 450 சேர்த்து அதே உச்சவரம்பு வரை. 9,000 சம்பாதித்தாலும் 20,000 சம்பாதித்தாலும், எந்தப் பக்கம் நின்றாலும் அவள் வரி ஒன்றுதான். (வட்டி, பங்கு வருமானம் என்றால் கதை வேறு.)

உண்மையான பணம் கல்விச் சலுகையில் இருக்கிறது. அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் முதல் 4 ஆண்டுப் படிப்புக்கு வருடம் 2,500 டாலர் வரை. கூட்டாக ஃபைல் செய்யும் பெற்றோரின் வருமானம் 1,60,000-க்குள் என்றால் முழுதாகக் கிடைக்கும், 1,80,000-ல் பூஜ்யம். மகளே எடுத்தால் அவள் கட்டவேண்டிய வரி அளவுக்குத்தான். ரொக்கமாகத் திரும்பும் 1,000 டாலர் பகுதி இந்த வயதில் பெரும்பாலும் வராது. அதனால் நடுத்தரக் குடும்பத்துக்குப் பெற்றோர் ரிட்டர்னே சரி.

வரம்பைத் தாண்டிய வீட்டில்தான் யோசிக்க வேண்டும். அங்கே மகளைக் காட்டினால் பெற்றோருக்குக் கிடைப்பது 500 டாலர் வரிச்சலுகை மட்டும். காட்டாமல் விட்டுக்கொடுத்தால் அவள் கல்விச் சலுகையை எடுக்கலாம், கட்டத்தில் டிக் இருந்தாலும். 20,000 சம்பளத்துக்கு அவள் வரியே 425, விட்டுக்கொடுப்பது நஷ்டம். இன்டர்ன்ஷிப்பில் 28,000 வாங்கியிருந்தால் வரி சுமார் 1,230. அப்போது அந்த 500 போனாலும் 730 டாலர் மிச்சம்.

இந்தியாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போனவர்களுக்கு இந்த வழக்கே இல்லை. முதல் 5 காலண்டர் ஆண்டுகளுக்கு அவர்கள் பாதை 1040-என்ஆர் என்ற, வரிக் கணக்கில் அமெரிக்கவாசி அல்லாதோருக்கான படிவம். இந்திய மாணவர் என்பதால் வரி ஒப்பந்தப்படி நிலையான கழிவு உண்டு. மற்ற பல நாட்டு மாணவர்களுக்கு அது கிடையாது.

அப்புறம், ரிட்டர்னில் காட்டாமல் விட்டால் கல்வி உதவிக்கான ஃபாஃப்ஸாவில் மகள் தனி ஆளாகிவிடுவாள் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். ஆக மாட்டாள். ஃபாஃப்ஸா பார்ப்பது 24 வயது, திருமணம், முதுநிலைப் படிப்பு, ராணுவப் பணி போன்றவற்றை.