நீல ஆர்க்கிட் வாங்கப் போகிறீர்களா? முதலில் தண்டைத் திருப்பிப் பாருங்கள்

இரண்டு வருஷம் முன்பு தீபாவளிக்கு முந்தின வாரம், கோயம்புத்தூர் பக்கம் ஒரு நர்சரியில் 1,800 ரூபாய் கொடுத்து ஃபெலனாப்சிஸ் என்கிற ஆர்க்கிட் வகையில் நீலம் ஒன்று வாங்கினேன். விரிந்த பூ ஆறு, மொட்டு மூன்று. "தாய்லாந்து சரக்குங்க அம்மிணி, எப்பப் பூத்தாலும் இதே கலர்தானுங்க" என்றார் கடைக்காரர். அந்த 'ங்க'வில்தான் விழுந்தேன். பில் கூடக் கேட்கவில்லை, துண்டுச் சீட்டுதான்.

கார்த்திகையில் விரிந்த மொட்டு வெளிறிய நீலம். அடுத்தது ஓரத்தில் மட்டும் நீலம் தடவிய வெள்ளை. சந்தேகம் தட்டி, பூத்தண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அடிக்கணுவுக்கு மேலே ஊசி குத்தின ஓட்டை, மெழுகு வைத்து அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உள்ளே மைக்கறை. வெள்ளைப் பூச்செடிக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். திருப்பூரில் துணிக்குச் செய்வதை இங்கே பூவுக்குச் செய்துவிட்டார்கள்.

ஃபெலனாப்சிஸில் இயற்கையாக அந்தப் பளீர் நீலம் கிடையாது. நீலத்துக்குப் பேர்போன வாண்டா செருலியா வேறு ஆர்க்கிட், மேகாலயப் பக்கத்து மலைச்செடி. அதன் இதழில் கட்டம் கட்டமாகக் கோடு ஓடும். நம் ஊர் வெக்கைக்கு அது ஒத்தும் வராது.

சாயத்தைக்கூட மன்னித்திருப்பேன். தொட்டியில் மேலாக அழகுக்குப் பாசி, கீழே முழுக்கத் தென்னை நார்த்தூள், சொதசொதவென்று. வேரை லேசாக அழுத்தினேன். தோல் உருவிக்கொண்டு வந்து உள்நரம்பு மட்டும் நூலாக நின்றது. மரத்தில் ஒட்டி வாழ்கிற செடிக்கு வேரில் காற்று பட வேண்டும். நல்ல வேர் காய்ந்திருந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. இதில் பாதி பழுப்பு.

போன் செய்தால், "உங்க போர்த் தண்ணி சேரலீங்க" என்று வைத்துவிட்டார். உப்புத் தண்ணீர் ஆகாது என்பது உண்மைதான், ஆனால் எங்கள் வீட்டுக்கு வருவது போர்த் தண்ணீரே இல்லை, சிறுவாணி ஆற்றுத் தண்ணீர்!

அப்புறம் பூத்தண்டையும் அழுகலையும் வெட்டிவிட்டு, கரித்துண்டும் உரிமட்டைத் துண்டும் போட்டு, ஓட்டை வைத்த மண்தொட்டிக்கு மாற்றினேன். கிழக்குத் திண்ணை, நேர் வெயில் படாத இடம். காலையில் மட்டும் தண்ணீர், குருத்தில் தேங்கவிடாமல். சித்திரை, வைகாசியில் இலை துவண்டு பயமுறுத்தியது. மார்கழிக் குளிரில் புதுத் தண்டு விட்டு, பங்குனியில் பூத்தது. சுத்தமான தும்பைப்பூ வெள்ளை.

படம் எடுத்துக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் மட்டும் விழுந்தது.