விலை குறைந்த தனி ஈசியூ: ஸ்பீடுயினோவுடன் சில ஆண்டுகள்

பலேனோவின் 1.6 லிட்டர் எஞ்சினை இறக்கிய பழைய எஸ்டீம் ஒன்றை, பந்தய ஓடுதளத்தில் ஓட்டுவதற்கென்றே வைத்திருக்கிறேன். சில ஆண்டுகளாக அந்த எஞ்சினை இயக்கி வருவது ஸ்பீடுயினோ என்ற தனி ஈசியூ, அதாவது தொழிற்சாலைப் பெட்டிக்குப் பதிலாக எஞ்சினின் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு சிலிண்டர், கேபிளில் இழுபடும் சாதாரண த்ராட்டில் (எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிடும் தகடு), டர்போ இல்லாத எஞ்சின் என்றால் விலை குறைந்த தனி ஈசியூ தாராளமாகப் போதும். ஆனால் பெட்டியில் மிச்சம் பிடித்த பணத்தைச் சென்சாரிலும் வயரிங்கிலும் போட்டாக வேண்டும். அங்கேயும் கையைச் சுருக்கினால் எந்த ஈசியூவும் உங்களைக் காப்பாற்றாது.

இந்த வண்டி சாலைக்கு வருவதில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அதனால் லாரியில் ஏற்றித்தான் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோகிறேன். சாலை வண்டிக்கு யோசிப்பவர்கள் முதலில் அந்தச் சட்டத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கரி ஓடுதளம் சிறியது, வளைவுகள் அடுத்தடுத்து வரும். அங்கே உச்ச வேகத்தைவிட, வளைவிலிருந்து வெளியேறும்போது பாதி த்ராட்டிலில் எஞ்சின் எப்படிப் பதில் சொல்கிறது என்பதே முக்கியம்.

அந்தப் பாதி த்ராட்டிலில்தான் பழைய ஈசியூ தடுமாறியது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை மாற்றி, புகை வெளியேற எக்ஸாஸ்ட் ஹெடர் குழாயும் போட்ட பிறகு எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவு மாறிவிட்டது. தொழிற்சாலை எழுதிவைத்த எரிபொருள் அட்டவணைக்கு அது தெரியாது. குறைந்த வேகத்தில் பெட்ரோல் அதிகமாகி அடைத்தது, நிமிடத்துக்கு 5,000 சுழற்சிக்கு மேலே குறைந்தது. அந்த ஈசியூவைத் திறந்து திருத்தித் தருகிறேன் என்றவர்கள் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பெட்டியைக் கழற்றி அனுப்பச் சொன்னார்கள். ஓடுதளத்தில் நின்றுகொண்டே மடிக்கணினியில் ஓர் எண்ணை மாற்றிப் பார்க்க முடியாவிட்டால் இந்த வேலை நடக்காது.

விலை கூடிய தனி ஈசியூக்களான ஹால்டெக், லிங்க் இரண்டும் நல்ல சாமான்கள், மறுப்பதற்கில்லை. எஞ்சினைக் காக்கும் ஏற்பாடுகள், கேட்டால் பதில் சொல்லும் விற்பனையாளர் எல்லாம் உண்டு. நாக் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டுவது) கட்டுப்பாடு, நீர் புகாத உறை போன்றவை மாடலைப் பொறுத்துக் கிடைக்கும். ஆனால் விலை பெரும்பாலும் ஆயிரம் டாலரையொட்டியோ அதற்கு மேலோ போகிறது. சுங்க வரியும் கூரியர் கட்டணமும் அதன்மேல் ஏறும். என் வண்டியின் மொத்த மதிப்பே அவ்வளவு இராது.

அடுத்தது மெகாஸ்குவர்ட், நாமே பூட்டிக்கொள்ளும் ஈசியூ. புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்ற இரு அமெரிக்கர்கள் 2001 வாக்கில் கொண்டுவந்தது. வீட்டுக் கொட்டகையில் எஞ்சினைத் திருத்தும் கலையை உலகம் முழுக்கப் பரப்பியது அதுதான், அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்தக் குடும்பத்தின் மைக்ரோஸ்குவர்ட் கைக்கு அடக்கமானது, உறையும் உறுதியானது. ஆனால் பெட்ரோலைப் பீச்சும் இஞ்செக்டருக்கு இரண்டு வழி, ஸ்பார்க் தரும் இக்னிஷனுக்கு இரண்டு வழி மட்டுமே தரும். எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ளே கிடையாது, தனியாக வாங்க வேண்டும். ரஸ்ஈஎஃப்ஐ இன்னொரு திறந்த மூலத் திட்டம். அதன் செயலி வேகமானது, மின்னணு த்ராட்டிலையும் இயக்கும். புதிய தலைமுறை எஞ்சினை எடுப்பவர் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்பீடுயினோவால் மின்னணு த்ராட்டிலை இயக்க முடியாது.

நான் ஸ்பீடுயினோவை எடுத்ததற்குக் காரணம் அதன் எளிமை. அதன் மூளை ஆர்டுயினோ மெகா 2560 பலகை. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8-பிட் சில்லு, எந்த மின்னணுக் கடையிலும் கிடைக்கும். அதன் மேல் உட்காரும் 0.4 வகைப் பலகையில் நான்கு இஞ்செக்டர் வழி, நான்கு இக்னிஷன் வழி, 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும் அழுத்த சென்சார் எல்லாம் இருக்கின்றன. வரைபடமும் நிரலும் திறந்தே கிடக்கின்றன. ஏதாவது உதிரி கருகினால் எது கருகியது என்று பார்த்து நானே மாற்றலாம். கோயம்புத்தூர் போன்ற ஊரில், சால்டரிங் பிடிக்கத் தெரிந்தவனுக்கு இது பெரிய பலம்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலில் இஞ்செக்டரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 12 முதல் 16 ஓம் காட்டினால் நேராக இணைக்கலாம். இரண்டு, மூன்று ஓம் என்றால் இடையில் ரெசிஸ்டர் தேவை, இல்லாவிட்டால் பலகையின் டிரைவர் எரியும். அடுத்தது ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில். ஸ்பீடுயினோ தருவது வெறும் சைகை மட்டுமே, காயிலை நேராக இழுக்கும் வலு அதற்கு இல்லை. அதை இயக்கும் மின்னணுச் சுவிட்சான இக்னைட்டர் உள்ளேயே அடங்கிய காயிலை வாங்குங்கள். மென்பொருளில், சைகை ஏறும்போது ஸ்பார்க் விழ வேண்டுமா இறங்கும்போதா என்ற ஓர் அமைப்பு உண்டு. அது தலைகீழாக இருந்தால் காயில் ஓயாமல் மின்சாரம் குடித்து, கை வைக்க முடியாத அளவு சுட்டுவிடும். காயிலை இணைக்கும் முன்பே அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

இந்த வேலை முழுவதும் நிற்பதும் விழுவதும் ஓர் இடத்தில்தான்: பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை ஈசியூ படிக்கும் இடம். கிராங்க் புல்லியில் 36-1 பல் சக்கரம் பொருத்தினேன். 36 பல்லுக்கான இடத்தில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்ட சக்கரம். ஒரு பல்லுக்கு 10 டிகிரி, காலி இடம் தொடக்கத்தைச் சொல்லும். ஃபோர்டு தன் கார்களில் பயன்படுத்திப் பரவிய முறை இது. கோயம்புத்தூரின் கணபதி பகுதியில் உள்ள ஒரு லேத் பட்டறையில்தான் சக்கரத்தைப் புல்லியோடு சேர்த்தோம். அந்தப் பட்டறைப் பெரியவருக்கு ஈசியூ என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் வேலை முடிந்ததும், "தம்பி, இன்னும் கழற்றாதீர்கள். டயல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடலாம்" என்றார். முள் ஒரு பக்கம் லேசாக ஏறியது. அதே சக்கில் வைத்து மேலே ஒரு சீவு சீவிக் கொடுத்தார். அந்த ஒரு சீவல் எனக்கு எத்தனையோ இரவுகளை மிச்சப்படுத்தியிருக்கிறது. சக்கரம் கோணலாக ஓடினால் சென்சாருக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும், சைகை அறுபடும்.

சென்சாரில் ஹால் வகையை எடுத்தேன். காந்தச் சுருள் வகை ஸ்டார்ட்டர் சுற்றும்போது மிகக் குறைந்த மின்னழுத்தம் தரும், வேகம் ஏற ஏற அதிகமாகும். அதைச் சீராக்கத் தனிச் சுற்று வேண்டும். ஹால் சென்சார் எந்த வேகத்திலும் ஒரே அளவில் தெளிவாகத் தரும். இடைவெளியை ஃபீலர் கேஜில் ஒரு மில்லிமீட்டருக்கு வைத்தேன். பிறகு ஈசியூவை மடிக்கணினியிலிருந்து அமைக்கும் டியூனர்ஸ்டூடியோ மென்பொருளில் பல் பதிவைத் திறந்து, ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றினோம். திரையில் கம்பிகள் வரிசையாக எழும். ஒவ்வொன்றும் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைப்பட்ட நேரம். பிஸ்டன் அழுத்தும்போது கிராங்க் மெதுவாவதால் வரிசை சற்று ஏறி இறங்கும். 34 கம்பிகளுக்கு ஒருமுறை இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்று நிற்கும், அதுதான் காலி இடம். இந்தப் படம் சுத்தமாக வராதவரை பெட்ரோலைத் திறக்காதீர்கள்.

அடுத்து இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் கிராங்க் கோணத்தை, மென்பொருளில் 10 டிகிரியில் பூட்டிவைத்து, ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மின்னும் டைமிங் லைட்டைப் புல்லியில் அடித்துப் பார்க்க வேண்டும். திரையில் உள்ள எண்ணும் புல்லிக் குறியும் ஒத்துப்போகும்வரை கோணத்தைத் திருத்துங்கள். 3,000 சுழற்சிக்கு ஏற்றினாலும் குறி நகரக்கூடாது. இதைச் செய்யாமல் "டியூன்" செய்யப்பட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், மனம் பதைக்கிறது. அங்கே திரையில் 28 டிகிரி என்று தெரிவது எஞ்சினுக்குள் 36 ஆகவும் இருக்கலாம். பிஸ்டன் உடைவது இப்படித்தான்.

வயரிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்சார்களின் எர்த் வயர்கள் ஈசியூவுக்கே திரும்ப வேண்டும், பாடியில் எங்காவது முடியக்கூடாது. காயில், இஞ்செக்டர் ஆகியவற்றின் கனமான எர்த் எஞ்சின் பிளாக்கில் ஒரே இடத்தில் சேர வேண்டும். ஸ்பார்க் பிளக் ரெசிஸ்டர் வகையாக இருக்கட்டும், என்ஜிகே குறியீட்டில் ஆர் எழுத்து இருக்கும். எனக்கு யுஎஸ்பி இணைப்பு அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. ரெசிஸ்டர் பிளக் போட்டு, சென்சாருக்குக் கவச வயர் இழுத்த அன்றே அது நின்றது. பெட்டியை எஞ்சின் அறையில் வைக்காமல் டேஷ்போர்டின் அடியில் வைத்தேன். 0.4 பலகையின் 40 முனை ரிப்பன் இணைப்பு அதிர்வுக்கு ஏற்றதல்ல. அதைப் பெட்டிக்குள்ளேயே நிறுத்தி, வெளியே பூட்டுள்ள வாகன கனெக்டரைக் கொடுத்தேன். செலவுக் கணக்கைப் பார்த்தால், ஈசியூ மொத்தத்தில் கால்வாசியைத் தாண்டவில்லை. மீதியெல்லாம் வயர், கனெக்டர், ரிலே, காயில், காற்று-பெட்ரோல் விகிதத்தைப் புகையிலிருந்து அளக்கும் வைட்பேண்டு ஆக்ஸிஜன் சென்சார்.

வைட்பேண்டு இல்லாமல் இந்தப் பாதையில் இறங்கவே வேண்டாம். பாஷ் எல்எஸ்யூ 4.9 சென்சாரை ஏற்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி எதுவானாலும் சரி. டியூனர்ஸ்டூடியோவுக்குப் பணம் கட்டிப் பதிவு செய்தால், வண்டி ஓடும்போதே வைட்பேண்டைப் பார்த்து எரிபொருள் அட்டவணையைத் திருத்தும் வசதி திறக்கும். கொடுத்த காசுக்குப் பலமடங்கு திரும்பி வந்தது. ஆனாலும் அது தரும் எண்களை அப்படியே ஏற்காமல், மேடுபள்ளமான கட்டங்களைக் கையால் சமப்படுத்துகிறேன். முழு த்ராட்டிலில் லாம்டா 0.87 வாக்கில் வைத்திருக்கிறேன். லாம்டா 1 என்றால் பெட்ரோல் முழுமையாக எரியச் சரியான காற்று, அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல்.

நீண்ட நாள் பயன்பாட்டில்தான் தெரிந்த விஷயம் ஒன்று. நான் அட்டவணையை முடித்தது பங்க்குகளில் பத்து விழுக்காடு எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் ஓடிய காலத்தில். 2023-இல் தொடங்கிய இ20 (இருபது விழுக்காடு எத்தனால்) விற்பனை நாடெங்கும் பரவிய பிறகு, அதே அட்டவணையில் வைட்பேண்டு எங்கும் சற்றே பெட்ரோல் குறைவதாகக் காட்டத் தொடங்கியது. சென்சார் கெட்டுவிட்டதோ என்று நண்பர்கள் கேட்டார்கள். இல்லை, கணக்கே அப்படித்தான். கலப்பில்லாத பெட்ரோல் முழுமையாக எரியக் காற்று விகிதம் 14.7, இ10-க்குச் சுமார் 14.1, இ20-க்குச் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு நான்கு விழுக்காடு அளவில் கூடுதல் எரிபொருள் வேண்டும். அடிப்படை எரிபொருள் அளவை அந்த விகிதத்தில் ஏற்றியதும் எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் சரியாயின. தொழிற்சாலை ஈசியூ ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். தனி ஈசியூ வைத்திருப்பவர் இதைத் தானே கவனிக்க வேண்டும். அளவீட்டை லாம்டாவிலேயே பாருங்கள், எந்தப் பெட்ரோல் ஆனாலும் குழப்பம் வராது.

இன்னொன்று ஐடில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெல்ல ஓடும் நிலை. ரேடியேட்டர் மின்விசிறி ஓடத் தொடங்கும் கணத்தில் எஞ்சின் குலுங்கி அணையப் பார்க்கும். மின்னழுத்தம் சரியும்போது இஞ்செக்டர் திறக்கக் கூடுதல் நேரம் எடுக்கிறது, அந்தளவு பெட்ரோல் குறைகிறது. மின்னழுத்தத்துக்கு ஏற்ப இஞ்செக்டர் தாமதத்தைத் திருத்தும் அட்டவணையைப் பொறுமையாக நிரப்பிய பின், விசிறி ஓடுவது ஒலியில் மட்டுமே தெரிகிறது.

இத்தனை காலத்தில் ஸ்பீடுயினோ பலகை என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை. பழுதானவை ஒரு கனெக்டர் முனை, ஒரு ரிலே, வெப்பத்தில் இறுகிப்போன சென்சார் வயர் ஆகியவைதான். நாக் சென்சாரை நேராகப் படிக்கும் சுற்று என் பலகையில் இல்லாததை மட்டும் உண்மையான குறையாகச் சொல்வேன். அதனால் டைமிங்கை உச்சம்வரை தள்ளாமல் இரண்டு டிகிரி பின்னாலேயே நிறுத்தியிருக்கிறேன். டர்போ போடப் போகிறவர், எஞ்சினுக்கே பெருந்தொகை செலவழித்தவர், மடிக்கணினியோடு உட்கார நேரம் இல்லாதவர் ஆகியோருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் விலை கூடிய பெட்டியையும், அதை நன்கு அறிந்த டியூனரையும் சேர்த்தே தேடட்டும். உள்ளூரில் ஒருவருக்கு நன்றாகத் தெரிந்த ஈசியூ, யாருக்கும் தெரியாத சிறந்த ஈசியூவைவிட மேலானது.

பந்தயத்துக்கு முந்தைய நாள் ஃபர்ம்வேரை (ஈசியூவுக்குள் ஓடும் நிரலை) புதுப்பிக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் டியூன் கோப்பைத் தேதியிட்டு இரண்டு இடங்களில் சேமித்துவையுங்கள். என் வண்டியின் கருவிப் பெட்டியில் இன்னொரு ஆர்டுயினோ மெகா பலகை, அதே ஃபர்ம்வேரும் அதே டியூனும் ஏற்றப்பட்டு, நிலைமின் தடுப்பு உறையில் எப்போதும் இருக்கிறது. இரண்டு திருகுகளைக் கழற்றி அதை மாட்டிவிடலாம், பெரிய கம்பெனிப் பெட்டியில் அந்த வசதி கிடையாது.