ஐசி-7300: வாய்ஸில் கேட்ட மோர்ஸ், சி.டபிள்யூ.வுக்கு மாற்றியதும் எங்கே போகிறது?

ஹாம் (அமெச்சூர்) வானொலி செட்டான ஐகாம் ஐசி-7300-இன் வாட்டர்ஃபால், அதாவது சிக்னல்களைத் திரையில் ஓடவிட்டுக் காட்டும் படத்தின் அழகைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. மோர்ஸ் ஆட்கள் முதலில் தேட வேண்டியது மெனுவுக்குள் கிடக்கும் ‘எஸ்.எஸ்.பி./சி.டபிள்யூ. சிங்க்ரனஸ் ட்யூனிங்’. வாய்ஸ் மோடான எஸ்.எஸ்.பி.யிலிருந்து மோர்ஸ் மோடான சி.டபிள்யூ.வுக்கு மாறும்போது, ஒலி மாறாதபடி டயல் எண்ணை நகர்த்தித் தரும் வசதி அது. கம்பெனியிலிருந்து வரும்போது அது ஆஃபில்தான் இருக்கும்.

அப்பர் சைடுபேண்டில் (டயல் எண்ணுக்கு மேல் பக்கத்தைக் கேட்கும் எஸ்.எஸ்.பி.) டயலை 14.060.00 மெகாஹெர்ட்ஸில் வைத்து, 600 ஹெர்ட்ஸ் ஒலியாக ஒரு மோர்ஸ் கேட்கிறதென்று வையுங்கள். அந்த சிக்னல் நிற்பது 14.060.60-இல். வாய்ஸில் டயல் காட்டுவது அடக்கப்பட்ட கேரியரை (பேச்சுக்கு அடிப்படையான, ஆனால் அனுப்பாமல் விடும் அலையை), சி.டபிள்யூ.வில் காட்டுவது நாம் அனுப்பும் அலைவரிசையையே. மோடை மட்டும் மாற்றினால் எண் நகராது, ஆனால் சிக்னல் காணாமல் போகும். அதே எண்ணில் கீயைத் தட்டினால் எதிராளிக்கு 600 ஹெர்ட்ஸ் கீழே போய் விழுவோம். 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) கீழ் பக்கத்தைக் கேட்கும் லோயர் சைடுபேண்ட் என்பதால் கணக்கு தலைகீழ்: 7.030.60-இல் 600 ஹெர்ட்ஸாகக் கேட்பவர் இருப்பது 7.030.00-இல்.

எவ்வளவு அகலத்துக்குச் சிக்னலை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் ஃபில்டரை அகலமாக விட்டால் சமாளிக்கலாமே என்பார்கள். பல்லடம், சோமனூர் பக்கம் அது நடக்காது. விசைத்தறியும் மில்களின் மோட்டார் டிரைவும் கிளப்பும் இரைச்சலில் 1.2 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டரை வைத்துக்கொண்டு உட்கார முடியாது. 500-க்கோ 250-க்கோ இறங்கியாக வேண்டும். 250 என்றால் இருபக்கமும் 125 ஹெர்ட்ஸ்தான் இடம். 600 தள்ளி நிற்பவரை எப்படிப் பிடிப்பது?

மெனு, செட், ஃபங்ஷன் என்று போய் அந்த சிங்க்ரனஸ் ட்யூனிங்கை ஆன் செய்துவிடுங்கள். சோதிக்க, 10 மெகாஹெர்ட்ஸில் வரும் நேர நிலையம் ஏதாவது போதும். சி.டபிள்யூ. பிட்ச் (மோர்ஸ் காதில் கேட்கும் ஒலியின் உயரம்) 600-இல் இருக்கட்டும். அப்பர் சைடுபேண்டில் 9.999.40 வைத்தால் கேரியர் 600 ஹெர்ட்ஸாகக் கேட்கும். சி.டபிள்யூ.வை அழுத்தியதும் திரை 10.000.00-க்குத் தாவ வேண்டும், ஒலி மாறக் கூடாது. பிட்ச்சை 300 முதல் 900 வரை காதுக்குப் பிடித்தபடி மாற்றலாம். அனுப்பும் அலைவரிசை அசையாது.

20 மீட்டர் (14 மெகாஹெர்ட்ஸ்) பேண்ட்காரர்களுக்கு இன்னொரு எரிச்சல். அப்பரில் டயலை ஏற்றினால் ஒலி இறங்கும், இதன் சி.டபிள்யூ.வில் ஏறும். மோர்ஸை எந்தப் பக்கத்திலிருந்து கேட்பது என்று சொல்லும் ‘சி.டபிள்யூ. நார்மல் சைடு’ லோயரில் வைக்கப்பட்டிருப்பதே காரணம். அப்பருக்கு மாற்றிவிட்டால் கைப்பழக்கம் கெடாது.

சிக்னலைத் தானே பிட்ச்சுக்குக் கொண்டுவரும் ஆட்டோ ட்யூன் பட்டன் ஒற்றை சிக்னலுக்கு அருமை. நெரிசலில் நம்ப வேண்டாம், டயலையே திருப்புங்கள். மோர்ஸுக்காகவே செட் வாங்குபவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம், அந்த ஒரு ஸ்விட்சை முதல் நாளே போட்டுவிடுவதாக இருந்தால்.